கால் விரலைத் தொட வராதவர்களுக்கான யோகா

யோகா கற்றுக்கொள்ளலாமே என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "எனக்கெல்லாம் உடம்பு வளையாதுங்க, குனிந்தால் கை முட்டியைத் தாண்டாது" என்ற பதில்தான் முதலில் வரும். ஐம்பதைத் தாண்டியவர்கள் "இனிமேல் எங்கே" என்பார்கள். கொஞ்சம் பருமனாக இருப்பவர்கள், எடையைக் குறைத்துவிட்டு வருகிறேன் என்பார்கள். சுவரொட்டிகளிலும் யூடியூப் படங்களிலும் பார்த்துப் பார்த்து, காலைத் தூக்கித் தலைக்குப் பின்னால் போடுவதுதான் யோகா என்று மனசில் பதிந்துவிட்டது.

அந்தப் படத்தை மறந்துவிடுங்கள். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பு இறுகிப் போனவர், மாடிப்படி ஏறினால் முட்டி வலிப்பவர், படுத்தால் தூக்கம் வராமல் புரள்பவர், இவர்களுக்குத்தான் யோகாவால் கிடைக்கும் பலன் அதிகம். ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. இன்றைய யோகா உருவான விதத்தைப் பார்த்தாலும் சரி, அதன் மேல் நடந்த மருத்துவ ஆய்வுகளைப் பார்த்தாலும் சரி, ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. ஆசனத்துக்காக உடம்பைச் சிரமப்படுத்தக் கூடாது, உடம்புக்குத் தக்கபடி ஆசனத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர் இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

மைசூரும் சென்னையும்

யோகம் மிகப் பழையது. ஆனால் வகுப்புகளில் நாம் செய்கிற ஆசன வரிசைகள் அவ்வளவு பழையவை அல்ல. பதஞ்சலியின் யோக சூத்திரங்கள் மொத்தம் இருநூறுக்குச் சற்றுக் குறைவு. ஆசனத்தைப் பற்றி நேராகப் பேசுபவை அதில் மூன்றே மூன்று. இருக்கை உறுதியாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்பதோடு சரி, எந்த ஆசனத்தின் பெயரும் அங்கே கிடையாது. திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் யோகத்தின் எட்டு உறுப்புகளையும் பாடுகிறார். அங்கும் ஆசனத்துக்குக் கொடுத்ததைவிட மூச்சுக்குக் கொடுத்த பாடல்கள் அதிகம். 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹட யோக பிரதீபிகை என்ற நூலுக்கு வந்தால், விளக்கப்படும் ஆசனங்கள் 15. நின்றும் தாவியும் செய்கிற நீண்ட வரிசைகள் பெரும்பாலும் கடந்த நூறு ஆண்டுகளில் வந்தவை.

இன்று உலகம் முழுக்க நடக்கும் வகுப்புகளில் பெரும்பகுதிக்கு வேர் தேடிப் போனால் திருமலை கிருஷ்ணமாச்சார்யாவிடம் வந்து நிற்போம். 1888இல் பிறந்தவர். மைசூர் மகாராஜா நாலாம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவில் ஜகன்மோகன் அரண்மனையில் 1933இல் யோகசாலை தொடங்கினார். அங்கே படித்தவர்கள் பெரும்பாலும் பையன்கள். துள்ளித் திரிகிற வயது. அவர்களுக்கு ஒரு ஆசனத்திலிருந்து அடுத்ததற்கு மூச்சோடு சேர்ந்து தாவிப் போகிற வேகமான பயிற்சியைக் கொடுத்தார். மாணவர்களில் ஒருவரான பட்டாபி ஜோயிஸ் அதைத்தான் பிற்பாடு அஷ்டாங்க வின்யாச யோகா என்று உலகுக்கு எடுத்துப் போனார். ஜிம்களில் 'பவர் யோகா' என்று நடப்பதும் அதன் வழியில் வந்ததுதான்.

அதே யோகசாலையில் உருவான இன்னொருவர் பி.கே.எஸ். ஐயங்கார். கிருஷ்ணமாச்சார்யா அவருக்கு அத்திம்பேர், அதாவது அக்காவின் கணவர். 1918இல், இன்ஃப்ளூயன்ஸா கொள்ளைநோய் ஊரை வாரிக்கொண்டு போன சமயத்தில் பிறந்தவர் ஐயங்கார். மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று மாறி மாறிப் படுத்து, எலும்பும் தோலுமாக மைசூருக்கு வந்த பையன். நோய்பட்ட உடம்பு எங்கே முரண்டு பிடிக்கும் என்பது அவருக்குச் சொந்த அனுபவத்தில் தெரியும். பின்னாளில் புனேயில் அவர் வளர்த்தெடுத்த முறையில் மரக்கட்டை, பெல்ட், நாற்காலி, மடித்த கம்பளி, சுவரில் மாட்டிய கயிறு எல்லாம் இடம்பிடித்தன. கை தரையை எட்டவில்லையா, ஒரு கட்டையை வைத்துத் தரையைக் கைக்கு உயர்த்து. அவ்வளவு எளிய யோசனைதான். எத்தனையோ லட்சம் பேரை யோகாவுக்குள் கொண்டுவந்தது அந்தக் கட்டைதான் என்று தயங்காமல் சொல்லலாம்.

கிருஷ்ணமாச்சார்யா 1952இல் சென்னைக்கு வந்தார். இங்கே அவரிடம் வந்தவர்கள் வேறு மாதிரி. குடும்பஸ்தர்கள், நோயாளிகள், வயதானவர்கள். ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்து, எங்கே வலி, தூக்கம் எப்படி, என்ன வேலை என்று கேட்டு, அந்த ஒருவருக்கென்று பயிற்சியை வகுத்துக் கொடுத்தார். மகன் டி.கே.வி. தேசிகாச்சார் எஞ்சினியரிங் படித்தவர். அப்பாவின் இந்த முறையைக் கற்றுத் தேர்ந்து, 1976இல் சென்னையில் கிருஷ்ணமாச்சார்யா யோக மந்திரம் என்ற பயிற்சி நிலையத்தை நிறுவினார். 1989இல், நூறு வயதில் கிருஷ்ணமாச்சார்யா மறைந்தார்.

ஒரே ஆசிரியர். பையன்களுக்கு ஒன்று கொடுத்தார், முதுகு வலிக்காரருக்கு வேறொன்று கொடுத்தார். அந்த வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். உலகத்தின் கண்ணில் பட்டது மைசூர்ப் பையன்களின் யோகா. தொடங்குகிறவருக்கு வேண்டியது சென்னையில் அவர் சொல்லிக் கொடுத்த யோகா.

தமிழ்நாட்டில் ஆசனமே வேண்டாம் என்று பயப்படுகிறவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. நெசவாளர் குடும்பத்தில் கூடுவாஞ்சேரியில் பிறந்த வேதாத்திரி மகரிஷி வகுத்த எளியமுறை உடற்பயிற்சியில் கை, கால் அசைவுகள், மூச்சுப் பயிற்சி, படுத்தபடி செய்யும் உடல் தளர்த்தல் எல்லாம் இருக்கின்றன. அதைக் கற்றுத் தரும் மனவளக்கலை மன்றங்கள் இல்லாத ஊர் குறைவு. வயதான அம்மா அப்பாவுக்கு எதில் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

முதுகுவலிக்கு உண்டு, தைராய்டுக்கு இல்லை

இந்த ஆசனம் செய்தால் சர்க்கரை போய்விடும், அந்த முத்திரை பிடித்தால் இதய அடைப்பு கரைந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் வந்தபடி இருக்கிறது. யோகா மேல் உண்மையான அக்கறை உள்ளவர்கள்தான் இதை முதலில் மறுக்க வேண்டும். இல்லாத பலனைச் சொல்லி நம்ப வைத்தால், இருக்கிற பலன் மேலும் நம்பிக்கை போய்விடும்.

இருக்கிற பலன்களில் ஆதாரம் நன்றாக இருப்பது நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு. அமெரிக்க மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நாள்பட்ட முதுகு வலிக்கு மாத்திரைக்குப் போவதற்கு முன் முயன்று பார்க்க வேண்டியவற்றில் யோகாவையும் சேர்த்தது. அதே ஆண்டு பாஸ்டனில் 320 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வின் முடிவு வந்தது. வாரம் ஒரு யோகா வகுப்பு என்று 12 வாரம் போனவர்களுக்கும், பிசியோதெரபிக்குப் போனவர்களுக்கும் கிடைத்த பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அந்த வகுப்புகளில் தலைகீழாக நிற்பதெல்லாம் இல்லை. மெதுவான, மென்மையான ஆசனங்கள்தான்.

ஏன் குறைகிறது? முதுகு வலி வந்தவர் பயத்திலேயே அசைவைக் குறைத்துவிடுவார். குனிய பயம், திரும்ப பயம். அசைவு குறையக் குறைய இடுப்பைச் சுற்றியிருக்கும் தசைகள் பலம் இழக்கின்றன, வலி கூடுகிறது. மெதுவாக, மூச்சோடு சேர்த்து அசையும்போது 'இவ்வளவு தூரம் குனிந்தாலும் ஒன்றும் ஆகவில்லை' என்று உடம்புக்குப் புரிய ஆரம்பிக்கிறது. உடம்பு வளையும் தன்மை கூடுவதிலும் இதேதான் நடக்கிறது. முதல் சில வாரங்களில் குனிவது எளிதானால், தசை நீண்டுவிட்டது என்று நினைக்கிறோம். அந்த ஆரம்ப முன்னேற்றத்தில் பெரும்பங்கு நரம்பு மண்டலத்துக்கு. இழுவை வந்தவுடன் 'போதும், நிறுத்து' என்று எச்சரிக்கை கொடுத்துக்கொண்டிருந்தது, இப்போது கொஞ்சம் தள்ளிக் கொடுக்கிறது. அதனால்தான் வலுக்கட்டாயமாக இழுப்பதில் பயன் இல்லை. இழுத்தால் எச்சரிக்கை இன்னும் சீக்கிரம் வரும்.

இரண்டாவது, மூச்சு. என்னைக் கேட்டால் யோகாவின் உயிர்நாடியே இதுதான். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். உள்ளே இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகத் துடிக்கிறது, வெளியே விடும்போது சற்று மெதுவாகிறது. மூளையிலிருந்து இறங்கி இதயம், நுரையீரல், வயிறு வரை போகிற வேகஸ் நரம்பு வெளிமூச்சின்போது இதயத்துக்குக் கடிவாளம் போடுகிறது. வெளிமூச்சை நீட்டினால் அந்த அமைதியான பகுதி நீள்கிறது. கழுத்து ரத்தக்குழாயிலும் இதயத்துக்கு மேலேயும் ரத்த அழுத்தத்தை உணரும் நுண்ணிய உணரிகள் இருக்கின்றன. மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்கும்போது இந்த உணரிகளும் இதயமும் ஒத்துப்போய், அழுத்தம் ஏறினால் உடனே சரிசெய்யும் திறன் கூடுகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஒன்று உண்டு. இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியும் அவருடைய குழுவும் 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டது. 23 பேரை வைத்து, கத்தோலிக்கர்கள் ஜபமாலையில் லத்தீனில் சொல்லும் 'ஆவே மரியா'வையும், 'ஓம் மணி பத்மே ஹூம்' மந்திரத்தையும் சொல்லச் செய்து அளந்தார்கள். இரண்டிலுமே மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு முறைக்கு இறங்கியது. இரண்டிலுமே இதயத்தின் அந்தச் சரிசெய்யும் திறன் கூடியது. இரு வேறு மதங்கள், இரு வேறு மொழிகள், வந்து சேர்ந்த தாளம் ஒன்று. யோகா நம் மதத்துக்கு ஒத்து வருமா என்று தயங்கும் கிறிஸ்தவ, முஸ்லிம் நண்பர்களிடம் இதைச் சொல்வேன். மந்திரம் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றில்லை. மூச்சு எல்லாருக்கும் பொது.

ரத்த அழுத்தம் யோகாவால் கொஞ்சம் குறைகிறது, சில புள்ளிகள் அளவுக்கு. மாத்திரையை நிறுத்துகிற அளவுக்கு இல்லை. வயதானவர்களுக்கு உடம்பின் சமநிலை மேம்படுகிறது. இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் விழுந்த பெரியவரை வைத்துப் பார்த்த வீட்டாருக்கு அந்த ஒரு பலனின் அருமை தெரியும். பதற்றம், மனச்சோர்வு ஆகியவற்றுக்கு வழக்கமான சிகிச்சையோடு சேர்த்து யோகா கொடுக்கப்படுகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை இதில் பல ஆண்டுகளாக வேலை செய்துவருகிறது. 'சேர்த்து' என்ற சொல் முக்கியம்.

மாரடைப்பு வந்தவர்களுக்கு யோகா எவ்வளவு உதவும் என்று இந்தியாவிலேயே பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. 24 மருத்துவமனைகள், 3,959 நோயாளிகள். 2020இல் முடிவு வெளிவந்தது. மறுபடி மாரடைப்பு, மரணம் போன்றவை யோகா செய்தவர்களிடம் உறுதியாகக் குறைந்தன என்று நிரூபிக்க முடியவில்லை. ஆனால் அவர்கள் தங்கள் உடல்நிலை நன்றாக இருப்பதாக உணர்ந்தார்கள், பழைய அன்றாட வேலைகளுக்கு நன்றாகத் திரும்பினார்கள். மாரடைப்புக்குப் பின் "இனி நான் எதற்கும் லாயக்கில்லை" என்று வீட்டு மூலையில் ஒடுங்கிப் போகிறவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! அவர்களை வெளியே கொண்டுவருவது சின்ன விஷயமா? அதே சமயம் ஆஞ்சியோ செய்யச் சொன்னால் யோகா போதும் என்று மறுப்பதற்கு இந்த ஆய்வில் இடமே இல்லை.

சர்வாங்காசனம் தைராய்டைக் குணப்படுத்தும் என்பதற்கு நல்ல ஆதாரம் கிடையாது. தைராய்டு சுரப்பு குறைந்தவர் மாத்திரையை நிறுத்திவிட்டுத் தோளில் நின்றால் நோய் முற்றும், அவ்வளவுதான். உடம்பை முறுக்கினால் கழிவுகள் பிழிந்து வெளியேறும் என்பதும் அப்படியே. அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. எடை குறைப்புக்கு மெதுவான யோகாவை மட்டும் நம்ப முடியாது. மென்மையான ஆசனப் பயிற்சியில் செலவாகும் சக்தி நிதானமாக நடப்பதற்குச் சமம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடல் உழைப்பு வேண்டும் என்கிறது. ஆகவே சாயங்கால நடையை விட்டுவிட வேண்டாம். நடையும் இருக்கட்டும், யோகாவும் இருக்கட்டும்.

இருபது நிமிடம் போதும்

தொடங்க என்ன வேண்டும்? படுத்துக் கையை விரித்தால் சுவரில் இடிக்காத இடம், வழுக்காத விரிப்பு, ஒரு உறுதியான நாற்காலி. விரிப்புக்கு ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம். ஆனால் டைல்ஸ் தரையில் கோரைப்பாய் வழுக்கும். பத்தமடைப் பாய் படுத்துச் செய்வதற்கு அருமை, நின்று செய்வதற்கு ஆகாது. நின்று செய்பவற்றை வெறும் தரையிலேயே வெறுங்காலோடு செய்யலாம். நாற்காலி கைப்பிடி இல்லாத மரம் அல்லது இரும்பு நாற்காலியாக இருந்தால் நல்லது. பிளாஸ்டிக் நாற்காலி கால் பரப்பிச் சறுக்கும், அதைச் சுவரை ஒட்டிப் போட்டுக்கொள்ளுங்கள்.

நேரம்? அதிகாலை என்பார்கள். அதிகாலையில் வீடு அமைதியாக இருக்கும், வயிறு காலியாக இருக்கும், அதனால் வசதி. ஆனால் தூங்கி எழுந்தவுடன் முதுகு இறுக்கமாக இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பும் அவசரத்தில் ஐந்து மணிக்கு எழ முடியாத அம்மாக்கள் குற்ற உணர்ச்சி கொள்ளத் தேவையில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குச் செய்தாலும் அதே பலன்தான். முழுச் சாப்பாடு சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், அது மட்டும்தான் விதி. ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் உழைத்துவிட்டு வாரம் முழுக்கப் படுத்துக்கொள்வதைவிட, தினம் இருபது நிமிடம் பல மடங்கு மேல்.

இனி அந்த இருபது நிமிடத்தைப் பார்க்கலாம். நிற்பதிலிருந்து ஆரம்பியுங்கள். பாதங்களை இடுப்பகலத்துக்கு வைத்து, எடை குதிகாலிலும் முன்பாதத்திலும் சமமாக விழுகிறதா என்று கவனித்து நில்லுங்கள். மூச்சை இழுத்தபடி இரண்டு கையையும் பக்கவாட்டில் மேலே தூக்குங்கள். மூச்சு முடியும்போது கையும் மேலே போய்ச் சேர வேண்டும். மூச்சை விட்டபடி இறக்குங்கள். ஆறு முறை. மூச்சு முன்னால் போக, கை அதன் பின்னால் போக வேண்டும். கை வேகமாகப் போய் மேலே காத்திருந்தால் நீங்கள் அவசரப்படுகிறீர்கள். பார்க்க ஒன்றுமில்லாதது போல இருக்கும் இந்த அசைவுதான் யோகாவின் அரிச்சுவடி. உடற்பயிற்சிக்கும் யோகாவுக்கும் உள்ள வித்தியாசத்தை இதிலேயே உணர்ந்துவிடலாம்.

அடுத்தது முன்னால் குனிவது. எல்லாரும் பயப்படும் இடம். முட்டியை மடக்கக் கூடாது என்று பள்ளிக்கூட டிரில் வகுப்பில் கற்றதை விட்டுவிடுங்கள். முட்டியைத் தாராளமாக மடக்குங்கள், வயிறு தொடையில் படும் அளவுக்கு மடக்கினாலும் தப்பில்லை. தொடையின் பின்புறத் தசை இடுப்பெலும்பின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது இறுக்கமாக இருக்கும்போது காலை விறைத்துக்கொண்டு குனிந்தால், இடுப்பு அசையாது, வளைவு முழுக்கக் கீழ்முதுகில் விழும். முட்டியை மடக்கினால் இடுப்பு விடுபட்டுத் திரும்பும், முதுகு தப்பிக்கும். கை தரைக்கு வரவில்லை என்றால் நாற்காலியின் இருக்கையில் வையுங்கள். மூச்சை விட்டபடி குனிந்து, இழுத்தபடி நிமிருங்கள். நாலைந்து முறை போதும்.

அப்புறம் கையையும் முட்டியையும் தரையில் ஊன்றிப் பூனை போல நில்லுங்கள். முட்டி வலித்தால் கீழே துண்டை மடித்துப் போடலாம். மூச்சை இழுக்கும்போது நெஞ்சை முன்னால் தூக்கி முதுகைத் தாழ்த்துங்கள், விடும்போது தொப்புளை உள்ளே இழுத்து முதுகை மேலே வளையுங்கள். மார்ஜரி ஆசனம் என்பது இதுதான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே காலம் கழிப்பவர்களுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. முட்டியை ஊன்றவே முடியாதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, கையைத் தொடையில் வைத்து இதையே செய்யலாம்.

சுவருக்குப் பக்கத்தில் நின்று ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனம். மற்ற காலின் பாதத்தைத் தொடையில்தான் வைக்க வேண்டும் என்றில்லை. கணுக்காலிலோ கெண்டைக்காலிலோ வைக்கலாம், முட்டியின் மேல் மட்டும் வைக்காதீர்கள். ஒரு விரல் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கிப் பாதத்தை ஊன்றி, இடுப்பை மெதுவாகத் தூக்கி இறக்கும் சேதுபந்தாசனம். அது முடிந்ததும் முட்டிகளை மார்போடு அணைத்துச் சற்று நேரம். கால் வீங்குகிறவர்கள் கெண்டைக்காலை நாற்காலியின் மேல் போட்டுக்கொண்டு ஐந்து நிமிடம் படுத்திருக்கலாம், அத்தனை சுகமாக இருக்கும்.

கடைசியில் உட்கார்ந்து மூச்சு. சம்மணம் போட வராதவர்கள் நாற்காலியிலேயே உட்காரலாம். நாலு எண்ணும் வரை மூக்கு வழியாக இழுங்கள், ஆறு எண்ணும் வரை விடுங்கள். திணறினால் மூன்று, நாலு என்று குறைத்துக்கொள்ளுங்கள். மூச்சை உள்ளே பிடித்து நிறுத்தும் கும்பகம் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். வெளியே விடும்போது வாயை மூடி வண்டு மாதிரி ரீங்காரமிடுவது பிராமரி. மூக்கின் பக்கவாட்டுக் குழிகளில் உண்டாகும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு, ரீங்காரமிடும்போது சாதாரண மூச்சைவிடப் பல மடங்கு வெளிவருகிறது என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2002இல் அளந்து சொன்னார்கள். அதெல்லாம் இருக்கட்டும், மனசு அலைபாயும்போது எண்ணிக்கையைவிட ரீங்காரத்தில் கவனம் எளிதாக நிற்கிறது. சிறு பிள்ளைகளும் விரும்பிச் செய்வார்கள்.

சவாசனத்தை அவசரத்தில் விட்டுவிடாதீர்கள். மல்லாந்து, கை கால் தளர, நாலைந்து நிமிடம். வீட்டில் இதற்குத்தான் நேரம் கிடைக்காது. குக்கர் விசில் அடிக்கும், கதவு தட்டுவார்கள். வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எழும்போது வலப்பக்கமோ இடப்பக்கமோ ஒருக்களித்து, கையை ஊன்றி எழுந்திருங்கள்.

ஒரு மாதம் இதையே செய்தால் போதும். தினம் ஒரு புது வீடியோவைப் பார்த்துப் புதுசு புதுசாகச் செய்யத் தேவையில்லை. சூரிய நமஸ்காரத்தை அதற்குப் பிறகு, கை மணிக்கட்டும் தோளும் தாங்கும் என்று தெரிந்தபின் சேர்த்துக்கொள்ளலாம். இதமான இழுவைக்கும் வலிக்கும் வித்தியாசம் உங்களுக்கே தெரியும். தசையின் நடுவில் பரவலாக இழுப்பது பரவாயில்லை. மூட்டுக்குள் குத்துவது, மின்சாரம் பாய்ந்தது போலச் சுண்டுவது, மரத்துப் போவது எல்லாம் உடனே நிறுத்தச் சொல்லும் அறிகுறிகள். மூச்சு தடுமாறினாலும் அளவு மீறிவிட்டீர்கள் என்றுதான் அர்த்தம்.

யார் எதைத் தவிர்ப்பது

சிரசாசனத்தைப் பற்றி ஒரு செய்தி. சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் 75 பேரிடம் அளந்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், தலைகீழாக நிற்கும்போது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று கண்டார்கள். கண் நீர் அழுத்த நோய் (குளுக்கோமா) உள்ளவர்களுக்கு இது ஆபத்து. அந்த நோய் பார்வை பாதிக்கும் வரை பலருக்குத் தெரிவதே இல்லை என்பதுதான் கவலை. நாற்பது வயதுக்கு மேல் தலைகீழ் ஆசனம் கற்க ஆசைப்பட்டால் முதலில் கண் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களும் கழுத்து எலும்புத் தேய்மானம் உள்ளவர்களும் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

எலும்பு அடர்த்தி குறைந்த பெண்கள் முதுகைச் சுருட்டிக்கொண்டு ஆழமாகக் குனிவதைத் தவிர்க்க வேண்டும், முதுகெலும்பில் விரிசல் விழக்கூடும். வயிற்றை வெட்டி வெட்டி இழுக்கும் கபாலபாதி மூச்சுப் பயிற்சி குடலிறக்கம், வலிப்பு, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது. டிவியில் காட்டுகிறார்கள் என்பதற்காக முதல் நாளே இதில் தொடங்குகிறவர்கள் நிறைய. கர்ப்ப காலத்தில் மகப்பேறு மருத்துவரிடம் கேட்டு, அதற்கென்று பயின்ற ஆசிரியரிடம் மட்டும் கற்றுக்கொள்ளுங்கள். முட்டித் தேய்மானம் உள்ளவரைப் பத்மாசனத்திலோ வஜ்ராசனத்திலோ உட்காரச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது கொடுமை.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவர்களும், சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் 'வெறும் வயிற்றில்' என்ற அறிவுரையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மருந்தும் போட்டு, சாப்பிடாமல் பயிற்சியும் செய்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். பயிற்சி நேரத்தையும் மருந்து நேரத்தையும் மருத்துவரிடம் சொல்லி ஒத்துப்பாருங்கள். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு மிட்டாயோ குளுக்கோஸோ இருக்கட்டும். இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023இல் கணக்கிட்டது. எந்த யோகா வகுப்பிலும் இவர்கள் சிலராவது இருப்பார்கள். ஆசிரியர் இதைச் சொல்லாமல் வகுப்பைத் தொடங்கக் கூடாது என்பேன்.

ஆசிரியர் என்றதும், வீடியோ பார்த்துக் கற்கலாமா என்ற கேள்வி வரும். மேலே சொன்ன எளிய அசைவுகளைக் கற்கலாம். ஆனால் வீடியோவில் இருப்பவர் உங்கள் முட்டி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க மாட்டார். முதல் சில வாரங்களாவது நேரில் ஒருவரிடம் போவது நல்லது. நல்ல ஆசிரியர் சேர்த்துக்கொள்வதற்கு முன்பே உங்கள் நோய், அறுவை சிகிச்சை, மாத்திரை பற்றிக் கேட்பார். முடியாததைச் செய்யச் சொல்லி முதுகில் கை வைத்து அழுத்த மாட்டார். ஒரே வகுப்பில் மூன்று பேருக்கு மூன்று விதமாக மாற்றிச் சொல்வார். மருந்தை நிறுத்தச் சொல்கிறவரிடமிருந்து மறுநாளே விலகிவிடுங்கள்.

நோயோடு தொடங்குகிறவர்களுக்குத் தமிழ்நாட்டில் இன்னொரு வசதி உண்டு. யோகா மற்றும் இயற்கை மருத்துவம் இங்கே ஐந்தரை ஆண்டு பட்டப் படிப்பு. சென்னை அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரியும் மருத்துவமனையும் இருக்கின்றன. பல அரசு மருத்துவமனைகளிலும் இந்தப் படிப்பு முடித்த மருத்துவர்கள் யோகா பிரிவில் உட்கார்ந்திருக்கிறார்கள். தனியார் வகுப்புக்குக் கட்டணம் கட்ட முடியாதவர்கள் வெளிநோயாளிச் சீட்டு வாங்கிக்கொண்டு அங்கே போகலாம். போகும்போது பழைய மருத்துவச் சீட்டு, எக்ஸ்ரே, சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல் எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள். தளர்வான உடை போட்டுப் போங்கள், அன்றைக்கே பயிற்சி சொல்லித் தந்தாலும் தரலாம்.